பக்கத்துக் கட்டட இடிதாங்கி நம் வீட்டு டிவியைக் காப்பாற்றுமா?

வேளச்சேரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் உள்ள வீடு. சுமார் 40 மீட்டர் தள்ளிப் பத்து மாடிக் குடியிருப்பு, அதன் உச்சியில் இடிதாங்கி. அப்படியிருந்தும் போன வாரம் ராத்திரி ஒரே ஒரு பெரிய இடியோடு டிவி, டிடிஎச் பெட்டி, மாடெம், போர் மோட்டார் நான்கும் போய்விட்டன. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது ஒரு விற்பனையாளர், நூறு மீட்டர் சுற்றுவட்டாரத்தையே காக்கும் 'நவீன' இடிதாங்கியை உங்கள் மொட்டை மாடியில் வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தக் குடியிருப்பின் இடிதாங்கி உங்கள் வீட்டையும் சேர்த்துக் காக்குமா என்பது ஒன்று. காத்திருந்தாலும் டிவி பிழைத்திருக்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு, உங்கள் தூரத்தில் காக்காது. இரண்டாவதற்கு, எந்தத் தூரத்தில் இருந்தாலும் பிழைத்திருக்கும் என்று நம்ப முடியாது. ஏன் என்று சொல்ல மேகத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சென்னையில் ஆகஸ்ட், செப்டம்பர் ராத்திரிகளில் வரும் இடிமழை பெரும்பாலும் உள்மாவட்டங்களில் பிற்பகலில் திரண்டு, கடற்கரையை நோக்கி நகர்ந்து வருவது. அந்த மேகங்களின் உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டும். நம் ஊரில் சுமார் 5 கிலோமீட்டருக்கு மேலே போனாலே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே. அங்கே நுண்ணிய பனித்துகள்களும் அவற்றைவிடக் கனமான மென் ஆலங்கட்டிகளும் மோதிக்கொள்ளும்போது மின்னூட்டம் பிரிகிறது. லேசான துகள்கள் நேர்மின்னூட்டத்தோடு மேலே போக, கனமானவை எதிர்மின்னூட்டத்தோடு நடுவிலும் கீழிலும் தங்குகின்றன. இந்த வேறுபாடு தாங்க முடியாமல் போகும்போது நடக்கும் மின்னல்களில் பெரும்பகுதி மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தரைக்கு வருவது கொஞ்சம்தான்.

அது இறங்குவதும் நேர்கோட்டில் அல்ல. சுமார் 50 மீட்டர் படிகளாக, ஒவ்வொரு படியிலும் திசை தேடித் தேடி ஒரு முன்னோடித் தடம் இறங்குகிறது. தரையை நெருங்கும்போது அதன் மின்புலத்தால் கீழேயுள்ள கூரான, உயரமான பொருள்களிலிருந்து பதில் தடங்கள் மேலெழும்புகின்றன. எந்தத் தடம் முதலில் சந்திக்கிறதோ அதன் வழியே சராசரியாக 30 கிலோ ஆம்பியர் பாய்கிறது. நம் கண்ணில் படும் வெளிச்சம் இந்தப் பாய்ச்சல்தான். அதே தடத்தில் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பப் பாய்வதால்தான் மின்னல் துடிப்பதுபோல் தெரிகிறது. இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, கடைசிப் படி வரைக்கும் மின்னல் எங்கே விழுவது என்று முடிவு செய்திருப்பதில்லை. உச்சியில் இருக்கும் கம்பி தொலைவிலிருந்து அதை 'இழுக்கும்' என்ற எண்ணம் தவறு. கடைசிச் சில பத்து மீட்டரில் மட்டும்தான் கம்பிக்குப் பேச்சு.

இடி என்பது அந்தத் தடத்தின் காற்று மைக்ரோ விநாடிகளில் ஏறக்குறைய 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி வெடித்து விரிவதன் ஓசை. தடத்தின் நீளம் பல கிலோமீட்டர். அருகில் விழுந்தால் எல்லாம் ஒன்றாக வந்து 'படார்' என்கிறது. தொலைவில் விழுந்தால் தடத்தின் ஒவ்வொரு பகுதியின் ஓசையும் முன்பின்னாக வந்து உருள்கிறது. வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடைவெளி 3 விநாடி என்றால் தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நாம் 'இடி விழுந்தது' என்கிறோம், கருவிக்கே 'இடிதாங்கி' என்று பெயர் வைத்திருக்கிறோம். விழுவது மின்னல், இடியை யாரும் தாங்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்கிறார்களே, அந்த நேரத்தில் அந்த மின்னலின் கதை முடிந்திருக்கும். பயப்பட வேண்டியது அடுத்ததற்கு.

இனி அந்த 40 மீட்டர். கடைசிப் படியின் நீளத்தை ஆரமாகக் கொண்ட ஒரு பெரிய பந்தைக் கட்டடங்களின் மேல் உருட்டுவதாகக் கற்பனை செய்து பார்ப்பதுதான் மின்னல் காப்புக்கான ஐஎஸ்/ஐஈசி 62305 தரநிலையில் உள்ள முறை. பந்து தொடும் இடமெல்லாம் மின்னல் தொடக்கூடிய இடம். தொட முடியாத மூலை பாதுகாப்பான இடம். நான்கு காப்பு நிலைகளில் மிகக் கண்டிப்பான நிலை ஒன்றுக்குப் பந்தின் ஆரம் 20 மீட்டர், இரண்டுக்கு 30, மூன்றுக்கு 45, நான்குக்கு 60. குடியிருப்பின் உயரம் 30 மீட்டர், ஆரம் 45 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், தரை மட்டத்தில் கட்டடத்திலிருந்து சுமார் 42 மீட்டர் வரை பந்து தொடாது. 40 மீட்டர் தானே, அதற்குள் இருக்கிறோமே என்று தோன்றும். ஆனால் உங்கள் வீடு தரை மட்டத்தில் இல்லை. 10 மீட்டர் உயரத்தில் அந்தக் காப்பு 14 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 13 மீட்டரில் இருக்கும் உங்கள் ஓவர்ஹெட் டேங்க்குக்கு வெறும் 11 மீட்டர். ஆகவே உங்கள் மொட்டை மாடி திறந்தே கிடக்கிறது. இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு: 45 மீட்டர் பந்து 10 கிலோ ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னல்களுக்குத்தான் பொருந்தும். அதைவிடப் பலவீனமானது காப்புக்குள் நழுவி வரலாம். எந்த நிலையும் நூற்றுக்கு நூறு காப்பு தருவதாகத் தரநிலையே சொல்வதில்லை.

விற்பனையாளர் சொல்லும் 'நூறு மீட்டர்' கருவி, பதில் தடத்தைச் சற்று முன்கூட்டியே கிளப்பிவிடும் என்ற உரிமைகோரலில் விற்கப்படுவது. பிரான்சில் அதற்கென்று தனித் தரநிலை உண்டு என்பது உண்மை. ஆனால் நம் நாடு பின்பற்றும் 62305 தொகுதி, ஒரு கம்பியின் உண்மையான உயரத்தையும் அளவையும் மட்டுமே கணக்கில் எடுக்கும். கருவிக்குள் என்ன வைத்திருந்தாலும் கூடுதல் தூரம் தராது. சோதனைச் சாலையில் மைக்ரோ விநாடிகள் முந்துவதைக் காட்டலாம், திறந்த வெளியில் அது நூறு மீட்டராக விரிகிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. அந்தக் கம்பி சாதாரணக் கம்பி செய்யும் வேலையைச் செய்யும், விலைதான் சாதாரணம் இல்லை. கோபுரக் கலசமும் அதிலுள்ள வரகும் மின்னலைத் தாங்கி ஊரைக் காக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையும் இதே வகைதான். உயரத்தில் உலோகம் இருப்பதால் மின்னல் கலசத்தைத் தேடும் என்பது சரி. அங்கிருந்து மண் வரை தொடர்ச்சியான உலோகப் பாதை இல்லாவிட்டால் அடி வாங்குவது சுதையும் செங்கல்லும்தான். உள்ளே போடும் வரகு மின்னலைச் செரிக்கும் என்பதற்கு இயற்பியலில் இடமே இல்லை.

சரி, வீட்டின் மேல் மின்னல் விழவே இல்லையே, பிறகு டிவி எப்படிப் போனது? இங்கேதான் பலரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 11 மீட்டர் உயரமுள்ள வீட்டுக்கு மின்னலைச் 'சேகரிக்கும்' பரப்பு அந்தத் தரநிலைப்படி சுமார் 4,900 சதுர மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு 4 மின்னல் தரைக்கு வருவதாக வாதத்துக்கு வைத்துக்கொண்டு, சுற்றிலும் அதே உயரக் கட்டடங்கள் இருப்பதற்குப் பாதி கழித்தால், வீட்டில் நேரடியாக விழுவது நூறு ஆண்டுக்கு ஒருமுறை. வீட்டுக்கு வரும் மின்கம்பிக்கோ, ஒரு கிலோமீட்டர் நீளம் என்று கொண்டால், அருகில் விழுந்து பாதிக்கக்கூடிய பரப்பு 4 சதுர கிலோமீட்டர். நகரம் என்பதால் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் ஆண்டுக்கு ஒன்றரை முறை, நிலத்தடிக் கேபிள் என்றால் அதில் பாதி. எல்லாமே பொருளை எரிக்காது, பல சிறு அதிர்வோடு போய்விடும். ஆனால் நூறு ஆண்டுக்கு ஒன்று எங்கே, ஆண்டுக்கு ஒன்று எங்கே.

கம்பி வழியாக வருவது மட்டுமல்ல. கீழ்த்தள மெயின் போர்டிலிருந்து டிவிக்கு ஏறும் ஒயரும், மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து அதே டிவிக்கு இறங்கும் கேபிளும் சேர்ந்து ஒரு பெரிய வளையம் ஆகின்றன. வளையத்தின் பரப்பு 10 சதுர மீட்டர் என்று கொள்ளுங்கள். 40 மீட்டர் தள்ளி மைக்ரோ விநாடிக்கு 30 கிலோ ஆம்பியர் வேகத்தில் மின்னோட்டம் ஏறினால் அந்த வளையத்தில் தூண்டப்படுவது 1,500 வோல்ட். எச்டிஎம்ஐ துவாரம் இயங்குவது ஐந்து வோல்ட்டில். ஆக, எதிர்க் குடியிருப்பின் இடிதாங்கி தன் வேலையைச் சரியாகச் செய்து மின்னலை மண்ணுக்குள் இறக்கிய அந்த நொடியிலேயே உங்கள் டிவி போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். டிவி ஓடுகிறது, எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அடி டிஷ் கேபிள் பக்கமிருந்து வந்தது. மாடெம்மில் லேன் துவாரம் மட்டும் செத்திருந்தால் லேன் ஒயர் வழியாக. அடாப்டர் கருகியிருந்தால் மின்சாரப் பக்கம். போர் மோட்டார் இதில் தனி ரகம். அது நிலத்தடி நீரிலேயே மூழ்கிக் கிடப்பதால், வீட்டில் உள்ள மற்ற எதையும்விட மண்ணோடு நல்ல தொடர்பு அதற்குத்தான். கம்பியில் ஏறி வரும் திடீர் மின்னழுத்த அதிர்ச்சி மண்ணைத் தேடும்போது மோட்டார் சுருளின் காப்பைத் துளைத்துக்கொண்டுதான் போகும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். இடி இடித்த நேரத்தில் விளக்குகள் சில விநாடிகளாவது அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரிந்தனவா? எரிந்திருந்தால் அது மின்னல் அல்ல, நியூட்ரல் அறுந்தது. மழையில் தெருப் பில்லர் பாக்ஸில் நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறும். மின்னல் அதிர்ச்சி மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும். கண்ணுக்கு விளக்கு ஏறி இறங்குவது தெரியாது. மழை ராத்திரியில் நடந்ததை எல்லாம் இடியின் கணக்கில் எழுதுவது நம் வழக்கம், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. வீட்டைப் பார்க்காமல் உங்களுடையது எது என்று அடித்துச் சொல்ல முடியாது; நான்கு பொருளும் ஒரே இடியோசையோடு போனதாக நீங்கள் எழுதியிருப்பதால் மின்னல் பக்கம்தான் சாய்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. முதல் வேலை எர்த். நம் எலக்ட்ரீஷியன்கள் பலர் மீட்டருக்கு ஒரு பிட் (எர்த் குழி), ஏசிக்கு ஒரு பிட், கணினிக்கு ஒரு பிட் என்று தனித்தனியாகத் தோண்டி, ஒன்றோடொன்று சேரக் கூடாது என்பார்கள். மின்னல் விஷயத்தில் இது ஆபத்து. 5 ஓம் எர்த்தில் 30 கிலோ ஆம்பியர் இறங்கினால் அந்த பிட்டின் மின்னழுத்தம் கணநேரத்துக்கு ஒன்றரை லட்சம் வோல்ட். பக்கத்து பிட்டில் அவ்வளவு இல்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருப்பது உங்கள் டிவி. எல்லா பிட்களும் ஒரே செம்புப் பட்டையில் சேர்ந்திருந்தால் வீடு முழுக்க ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், எதற்கும் வேறுபாடு தெரியாது. டிஷ் கம்பம், மாடி இரும்பு ஏணி, சோலார் தாங்கிகள், இரும்புக் குழாய்கள் எல்லாம் அதே பட்டைக்கு வர வேண்டும். மண்ணைப் பொறுத்தவரை வேளச்சேரி, பள்ளிக்கரணைக் களிமண் கொடுத்துவைத்தது. ஈரம் காப்பதால் எர்த் எளிதில் கிடைக்கும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் என்ற கடினமான பாறையில் 3 மீட்டர் ராடு இறக்குவதே பெரும்பாடு. பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடற்கரையில் வேறு தொல்லை, உப்புக் காற்றில் இணைப்புகள் இரண்டு மூன்று ஆண்டிலேயே பச்சை பூத்துவிடும்.

அடுத்தது எஸ்பிடி என்கிற அதிர்ச்சி தடுப்பான். வீட்டின் மேல் இடிதாங்கி இல்லாதவரை மெயின் போர்டில் டைப் 2 போதும். ஒரு துருவத்துக்கு 20 கிலோ ஆம்பியர், தொடர்ந்து தாங்கும் மின்னழுத்தம் 320 வோல்ட், அதிர்ச்சியை மண்ணுக்குக் கடத்தும்போது மிஞ்சும் மின்னழுத்தம் 1.5 கிலோ வோல்ட்டுக்கு மிகாமல். கடைகளில் கிடைக்கும் 275 வோல்ட் ரகம் நம் ஊர் ஏற்ற இறக்கத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். வீட்டுக்குச் சொந்த எர்த் பிட்டை நம்பியிருக்கும் இணைப்புகளில் மூன்று ஃபேஸுக்கு '3+1', ஒரு ஃபேஸுக்கு '1+1' என்ற அமைப்பு வேண்டும்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தடுப்பான், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே தீப்பொறி இடைவெளி. மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபிக்கு முன்னால், அதாவது மின்சாரம் வரும் பக்கத்தில் எஸ்பிடியை மாட்ட வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் ஃப்யூஸ் எஸ்பிடிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

மாட்டும் விதத்தில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. ஒரு மீட்டர் ஒயருக்கு ஒரு மைக்ரோ ஹென்றி அளவு தூண்டல் உண்டு. மைக்ரோ விநாடிக்கு 10 கிலோ ஆம்பியர் ஏறும்போது அந்த ஒரு மீட்டரிலேயே 10,000 வோல்ட் நிற்கும். 1.5 கிலோ வோல்ட்டில் அடக்கும் விலையுயர்ந்த கருவியை வாங்கி, அழகுக்காக ஒயரைச் சுற்றி வளைத்து விட்டால் வாங்கியதற்கு அர்த்தமில்லை. ஃபேஸிலிருந்து எஸ்பிடி வழியாக எர்த் பட்டை வரை மொத்த ஒயர் நீளம் அரை மீட்டருக்குள், 6 சதுர மி.மீ. செம்பில், வளைவின்றி இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், யுபிஎஸ் எதுவும் இதற்கு மாற்று இல்லை. அவை மெதுவான ஏற்ற இறக்கத்துக்கு. 'ஸ்பைக் கார்டு' நீட்டிப்புப் பலகை, மெயினில் எஸ்பிடி இருந்தால் கூடுதல் காவல், தனியாக இருந்தால் பெரிதாக நம்ப முடியாது. நியூட்ரல் அறுந்தால் எஸ்பிடியும் சேர்ந்து எரியும், அதற்கு அதிக மின்னழுத்தத்தில் துண்டிக்கும் கருவி தனியாக வேண்டும். டிஷ் கேபிளுக்குத் தனி எஸ்பிடி உண்டு. இணையத்துக்கு வீட்டின் உள்வரை ஃபைபர் வந்துவிட்டால் அந்தப் பாதை அடைந்துவிடும், கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வீடு விட்டு வீடு தொங்கும் செம்பு லேன் ஒயர்தான் மோசம்.

இவ்வளவும் செய்த பிறகும் கட்டடத்துக்கு இடிதாங்கி வேண்டும் என்றால் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒற்றைக் கம்பியும் ஒற்றைப் பட்டையும் இடிதாங்கி ஆகாது. நிலை மூன்றுக்குக் கைப்பிடிச் சுவர் மேல் 15 மீட்டருக்கு 15 மீட்டர் வலையாகப் பட்டை ஓட வேண்டும். டேங்க்கைத் தன் நிழலுக்குள் கொண்டுவரும் உயரத்தில் ஒரு கம்பி. எதிரெதிர் மூலைகளில் குறைந்தது இரண்டு இறங்கு பட்டைகள், 25க்கு 3 மி.மீ. ஜிஐ போதும், கூர்மையான மடிப்பு இல்லாமல். ஒவ்வொன்றின் அடியிலும் குறைந்தது 2.5 மீட்டர் ராடு, எல்லாம் சேர்ந்து 10 ஓமுக்குள். அந்த எர்த்தும் வீட்டு எர்த்தும் இணைந்தே இருக்க வேண்டும். இடிதாங்கி வந்துவிட்டால் மெயின் போர்டு எஸ்பிடியும் மாற வேண்டும். நிலை மூன்றில் அதிகபட்சக் கணக்கு 100 கிலோ ஆம்பியர், அதில் பாதி மண்ணுக்கு, மீதிப் பாதி வீட்டுக்கு வரும் நான்கு ஒயர்களுக்கு என்று பிரித்தால் ஒன்றுக்கு 12.5. ஆகவே துருவத்துக்கு 12.5 கிலோ ஆம்பியர் தாங்கும் டைப் 1, 16 சதுர மி.மீ. ஒயரில். விற்பனையாளர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் அவர் கம்பி மட்டும் விற்கிறார் என்று அர்த்தம்.

எஸ்பிடி மாட்டும்வரைக்கும் செலவில்லாத வழி, மழை திரளும்போதே பிளக்கையும் டிஷ் கேபிளையும் லேன் ஒயரையும் பிடுங்கிவிடுவது. சுவிட்சை அணைப்பது போதாது. பல கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வந்ததற்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டா? ஆனால் தலைக்கு மேலே இடித்துக்கொண்டிருக்கும்போது பிடுங்கப் போகாதீர்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வந்தால் எச்சரிக்கும். பிடுங்க அதுவே சரியான நேரம்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் டிவியைவிட முக்கியமான ஒன்று. இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலில் இறக்கிறார்கள். உங்கள் மொட்டை மாடி பந்து தொடும் இடம் என்று மேலே பார்த்தோம். இடி காதில் விழும் தூரம் என்றாலே மின்னல் எட்டும் தூரம். காய்ந்த துணி நனைந்தால் நனையட்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து மாடி ஏறலாம். மரத்தடியில் பைக்கை நிறுத்தி ஒதுங்குவது வெட்டவெளியில் நிற்பதற்குக் கொஞ்சமும் குறைந்த ஆபத்து இல்லை, மரத்திலிருந்து மின்னல் பக்கவாட்டில் மனிதருக்குத் தாவும். கூரை மூடிய கார் நல்ல இடம். கைபேசி மின்னலை இழுக்காது, சார்ஜரில் மாட்டிய கைபேசிதான் பிரச்சினை. குளியல் வேண்டாம், குழாய் நீரும் ஒரு பாதை. அடிபட்டவர் உடலில் மின்சாரம் தங்காது, தொட்டால் ஷாக் அடிக்கும் என்று யாரும் விலகி நிற்க வேண்டியதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, இன்னொருவரை 108க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

புது மோட்டார் இறக்குவதற்கு முன் ஒரு வேலை: ஸ்டார்ட்டர் பெட்டி மெயின் போர்டிலிருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு டைப் 2 மாட்டச் சொல்லுங்கள். எஸ்பிடியில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். பச்சை சிவப்பானால் உள்ளே செருகியிருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறை, பெரிய இடி கேட்ட மறுநாள் ஒருமுறை அதைப் பாருங்கள். எர்த் அளவை மட்டும் மழையில் எடுக்காமல் மண் காய்ந்து கிடக்கும் மே மாதத்தில் எடுங்கள், ஈர மண்ணில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.